கை நுழையாத இடத்துக்கும் வழி உண்டு, தகட்டை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைப் புதுப்பிப்பது பற்றிப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் எஞ்சினையும் பெயின்டையும்தான் அதிகம் பேசுகின்றன. எஞ்சின் கெட்டால் இறக்கி வேலை பார்க்கலாம். பெயின்ட் சரியில்லை என்றால் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்கலாம். டிங்கரிங் பட்டறைக்குப் போன கார் திரும்ப மீட்க முடியாதபடி கெடுவது வேறு இடத்தில். கதவின் வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவில் ஒளிந்திருக்கும் ஒரு நட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு போல்டுக்கு விரல் நுனி மட்டும்தான் எட்டும். அரைமணி நேரம் போராடியதும் பொறுமை போய் உளி வருகிறது, கேஸ் வெல்டிங் வருகிறது. வெட்டிய இடத்தில் ஒரு துண்டுத் தகட்டை வைத்து ஒட்டி, மேலே பட்டி பூசி மறைத்துவிடுகிறார்கள். இரண்டு மழைக்காலம் போனதும் அந்த இடம் கொப்பளிக்கும்.

தொழிற்சாலையில் ஒரு ஆள் கை நுழைத்து மாட்டிய பாகம்தான் அது. மாட்ட வழி இருந்தால் கழற்றவும் வழி இருக்கும். அந்த வழியை முதலில் தேட வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பேச்சுக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டு இது. உடலை வரைந்தவர் இத்தாலியின் மிக்கேலோட்டி. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் இதைத் தயாரித்தது. நான்கு கதவு ஹெரால்டு இங்கே மட்டுமே வந்தது. இதன் உடல் ஒரே கூடு அல்ல. தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் பகுதி பகுதியாகப் போல்டு போட்டு இறுக்கியது. மட்கார்டோடு சேர்ந்த முழு பானெட்டும் முன்பக்கம் சாய்ந்து திறக்கும். எஞ்சின் வேலைக்கு இவ்வளவு இடம் கொடுத்த காரில் உடல் வேலைக்கு வந்தால், எண்ணிக்கையில்லாத போல்டுகள் தகட்டுக்குள் ஒளிந்திருக்கும். கீழே சொல்வதில் பாதிக்கு மேல் அம்பாஸடருக்கும் மோரிஸ் மைனருக்கும் அப்படியே பொருந்தும்.

வெட்டக்கூடாது என்பதற்குச் சட்ட வழியிலும் ஒரு காரணம் உண்டு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்கான வாகனத்தை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் வாகனம் அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஹெரால்டுகள் எல்லாமே இன்று அந்த வயதைத் தாண்டியவை. ஒரு போல்டை எட்டுவதற்காகக் கதவுத்தூணைப் பிளந்தவர் இந்த நிபந்தனையையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

முதலில் மரையைப் பற்றி. ஒளிந்திருக்கும் நட்டுகள் பாழாவதற்குத் துருவை விடப் பெரிய காரணம் தப்பான போல்டு. இந்தக் கார்களில் பெரும்பாலும் இருப்பது யு.என்.எஃப். என்னும் அங்குல மரை. நம் பட்டறைக் கணக்கில் 2 நூல் என்கிற கால் அங்குல போல்டுக்கு அங்குலத்துக்கு 28 மரை, தலைக்கு 7/16 ஸ்பேனர். இரண்டரை நூல் என்கிற 5/16 போல்டுக்கு 24 மரை, தலைக்கு 1/2 ஸ்பேனர். கடையில் போய் 'இரண்டரை நூல் போல்ட் கொடு' என்று மட்டும் கேட்டால் 18 மரை உள்ளதைக் கொடுத்துவிடுவார்கள். அது யு.என்.சி. அல்லது விட்வொர்த் என்கிற வேறு வகை அங்குல மரை. பி.எஸ்.எஃப். என்கிற இன்னொரு வகை கிடைத்தால் அதில் 22 மரை. எல்லாமே பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஜி.பி. ரோட்டில் வாங்கினாலும் புதுப்பேட்டையில் பொறுக்கினாலும் '5/16, 24 மரை' என்று மரையையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். கையில் ஒரு மரை கேஜ் இருந்தால் அங்கேயே வைத்துப் பார்த்துவிடலாம்.

மெட்ரிக் போல்டு இதைவிட ஆபத்து. 5/16 என்பது 7.94 மில்லிமீட்டர். எட்டு மில்லி போல்டும் கிட்டத்தட்ட அதே தடிமன். ஆனால் எட்டு மில்லி போல்டில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.25 மில்லி, யு.என்.எஃப்.பில் 1.06 மில்லிதான். அதனால் இரண்டு சுற்று ஒழுங்காக ஏறும், மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொள்ளும். 'துரு இருக்கிறது போல' என்று நினைத்து நீளக் கைப்பிடி போட்டு அழுத்தினால் தகட்டுக்குப் பின்னால் நட்டைப் பிடித்திருக்கும் கூண்டு விரிந்துவிடும். அதற்குப் பிறகு நட்டு போல்டோடு சேர்ந்து சுற்றும், கழற்றவும் முடியாது, இறுக்கவும் முடியாது. ஆறு மில்லி போல்டைக் கால் அங்குல நட்டில் போடுவது வேறு வகைக் கேடு. அது 0.35 மில்லி மெலிந்தது. தடையில்லாமல் உள்ளே போகும், கடைசியில் இறுகியது போலவும் தெரியும். பிடிமானம் மரையின் நுனியில் மட்டும்தான் இருக்கும். பம்பரோ கதவோ ஆட ஆட, மரை பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

ஸ்பேனரிலும் இதே கதைதான். 1/2 அங்குலம் 12.7 மில்லி. 13 ஸ்பேனர் போட்டால் உட்காரும், ஆனால் 0.3 மில்லி ஆடும். துருப்பிடித்த போல்டில் அந்த ஆட்டம் போதும், தலையின் மூலைகள் உருண்டுவிடும். நாம் கண்ணால் பார்க்க முடிகிற இடத்தில் உருண்டால் பரவாயில்லை, வைஸ் கிரிப்பரால் பிடிக்கலாம். டேஷ்போர்டுக்கு அடியில் உருண்டால் என்ன செய்வது? 7/16, 1/2, 9/16 மூன்றிலும் ஒரு ரிங் ஸ்பேனர், ஆறு முனை உள்ள ஒரு பாக்ஸ் ஸ்பேனர், ஒரு யுனிவர்சல் ஜாயின்ட், 10 அங்குல எக்ஸ்டென்ஷன். இவை இல்லாமல் வேலையைத் தொடவே வேண்டாம்.

துருவை இளக்குவதற்குப் பொறுமைதான் மருந்து. முதலில் போல்டின் வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். மண்ணும் பெயின்டும் ஒட்டியிருந்தால் எந்த எண்ணெயும் உள்ளே இறங்காது. பிறகு துரு இளக்கும் ஸ்பிரேயைக் காலை, மதியம், மாலை என்று இரண்டு நாள் அடித்துவிட்டுக் காத்திருங்கள். ஸ்பிரே இல்லையென்றால் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி. இரண்டும் பிரிந்து நிற்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும், அசிட்டோன் பெயின்டைக் கரைக்கும், தீயும் பிடிக்கும். சில பட்டறைகளில் பிரேக் ஆயிலை ஊற்றுகிறார்கள். அது வழிந்த இடமெல்லாம் பெயின்டை உரித்துவிடும். போல்டு கழன்றுவிடும், ஆனால் மட்கார்டு முழுக்க மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும்.

கழற்றும்போது முதலில் ஒரு நூலிழை இறுக்கும் பக்கம் திருப்புங்கள். 'டக்' என்ற சத்தத்தோடு துருப்பிடி உடையும். பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்ப இறுக்கும் பக்கம் கொஞ்சம், மறுபடி கழற்றும் பக்கம். ஒரே மூச்சில் திருப்பினால் துருத்தூள் மரையில் சேர்ந்து போல்டை முறித்துவிடும். சூடு காட்ட முடிகிற இடமாக இருந்தால் நட்டைச் சுற்றிச் சூடாக்கி, சூடு இருக்கும்போதே மெழுகுவத்தியை மரையில் தொட்டு வைக்கலாம். உருகிய மெழுகை மரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் ஹெரால்டில் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்ளேயே இருக்கிறது. டிக்கிப் பக்கம் எந்த வேலைக்கும் டேங்கைக் கழற்றி வெளியே வைக்காமல் தீயைக் காட்டக் கூடாது.

போல்டு முறிந்தே போனால் நடுவில் பஞ்ச் வைத்து, சிறிய டிரில்லில் தொடங்கிப் பெரிதாக்க வேண்டும். 5/16 யு.என்.எஃப்.புக்கு 6.9 மில்லி, கால் அங்குலத்துக்கு 5.5 மில்லி. அதற்குமேல் போகாமல் டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு மரையைச் சுத்தம் செய்யலாம். டேப்பை அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று எண்ணெய் விட்டுத் திருப்ப வேண்டும். டேப் உள்ளே முறிந்தால் அதைத் துளைக்க சாதாரண டிரில் பிட்டால் முடியாது.

இனி, கூண்டு விரிந்து சுற்றும் நட்டு. முதலில் போல்டுத் தலைக்கு அடியில் ஒரு தட்டை உளியையோ டயர் லிவரையோ கொடுத்துப் போல்டை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்பிப் பாருங்கள். நட்டு கூண்டின் விளிம்பில் மாட்டிக்கொண்டு நிற்கும், பாதி இடங்களில் இதிலேயே கழன்றுவிடும். கழலவில்லையா, மெல்லிய கட்டிங் டிஸ்க்கால் தலையை மட்டும் அறுத்துவிடுங்கள். தகடு தப்பிக்கும், மீதி போல்டும் நட்டும் உள்ளே விழும். புது நட்டு வைப்பது தனி வேலை.

பின்பக்கம் மூடிய பெட்டியாக இருந்தாலும் எங்காவது தண்ணீர் வடியும் துளையோ ஒயர் போகும் துளையோ இருக்கத்தான் செய்யும். 18 கேஜ் தகட்டில் ஒரு அங்குல அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, அதன் முனையில் துளை போட்டு, துளையின் பின்னால் நட்டை வைத்து மூன்று புள்ளி வெல்டு வையுங்கள். வெல்டு பொறி மரையில் தெறிக்காமல் இருக்க ஒரு பழைய போல்டை நட்டில் ஏற்றிவைத்துக்கொண்டு வெல்டு வைக்க வேண்டும். இனி பட்டையை உள்ளே செலுத்த வேண்டும். சைக்கிள் பிரேக்கின் உள் கம்பியை போல்டு துளை வழியாக நுழைத்து, அருகில் உள்ள துளை வழியாக வெளியே எடுங்கள். அந்த முனையை நட்டுக்குள் விட்டு, கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பட்டையைத் தள்ளினால் அது கம்பியைப் பின்தொடர்ந்து வந்து துளைக்கு நேராக நிற்கும். பட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே ஒரு திருப்புளியால் நட்டை நேராக்கி, கம்பியை உருவிவிட்டு, போல்டின் முனையைக் காட்டினால் போதும். போல்டு உள்ளேயிருந்து வெளியே வர வேண்டிய இடமென்றால் கம்பியை அதன் மரையில் இரண்டு மூன்று சுற்று இறுக்கிச் சுற்றி இழுக்கலாம்.

போல்டின் முனையில் இரண்டு மூன்று மரையை அரைத்துக் கூம்பாக்கிவிடுங்கள். கூண்டு நட்டு கொஞ்சம் விலகியிருந்தாலும் கூம்பு அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். ஒரு பாகத்தில் நான்கு போல்டு இருந்தால் நான்கையும் விரலாலேயே மூன்று மூன்று சுற்று ஏற்றிய பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். முதல் போல்டை முழுக்க இறுக்கிவிட்டால் நான்காவது துளை விலகிப்போகும், அங்கேதான் மரை கோணலாக ஏறும்.

எந்தத் துளை வழியாகவும் போக முடியவில்லை என்றால், உள்பக்கம், கதவு அட்டைக்கோ கார்ப்பெட்டுக்கோ அடியில் மறையும் இடத்தில், ஹோல் சாவால் 25 மில்லி வட்டத் துளை ஒன்று போடலாம். அதை ரப்பர் குரோமெட்டால் மூடிவிடலாம். இதை நாங்கள் தவறாகக் கருதவில்லை. சதுரமாக உளியால் வெட்டுவதுதான் தவறு, மூலையிலிருந்து தகடு கிழியத் தொடங்கும். தூணிலும் கீல் தாங்கும் தகட்டிலும் வட்டத் துளைகூடக் கூடாது. கூண்டே இல்லாமல் போன இடத்தில், துளையிலேயே ரிவெட் போல நசுக்கிப் பொருத்தும் ரிவெட் நட்டு போடுகிறார்கள். விளக்குக்கும் பீடிங்குக்கும் (அலங்காரப் பட்டை) அது சரி. கீல், பம்பர், சீட், பெல்ட் இவற்றுக்குக் கூடாது, 20 கேஜ் தகட்டில் அது ஒருநாள் சுற்றிக் கழன்று வரும்.

கதவுப் பூட்டு கொண்டியிலும் பல கார்களின் கீலிலும் இன்னொரு பொறி உண்டு. திருகுகள் போய்ப் பிடிப்பது தகட்டில் அல்ல, தூணுக்குள் ஆடிக்கொண்டிருக்கும் மரையிட்ட ஒரு கனத்த பட்டையில். கதவைச் சரி செய்வதற்காக அதை ஆடும்படி வைத்திருக்கிறார்கள். எல்லாத் திருகையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பட்டை தூணுக்குள் விழலாம். ஒன்றைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு நீளத் திருகை விரலால் ஏற்றி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைக் கழற்ற வேண்டும். இந்தத் திருகுகளுக்குச் சாதாரண திருப்புளி ஆகாது. சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் வேண்டும், அதன் முனை திருகுத் தலைக்கு முழுதாகப் பொருந்த வேண்டும்.

ஹெரால்டு கதவுக்குள் நுழைய, கண்ணாடி ஏற்றும் கைப்பிடி முதலில் வர வேண்டும். திருகு எதுவும் தெரியாததால் நெம்பி உடைத்த கைப்பிடிகள் ஏராளம். கைப்பிடிக்கு அடியில் உள்ள வட்டத் தட்டை ஸ்பிரிங்குக்கு எதிராகக் கதவுப் பக்கம் அழுத்தினால் ஒரு சிறு குறுக்குப் பின் தெரியும். 3 மில்லி ஆணியின் முனையை மழுக்கி, அதை வைத்துத் தட்டினால் பின் மறுபக்கம் வந்துவிடும். அடுத்து அட்டை. நடுவில் பிடித்து இழுக்கக் கூடாது. சாப்பாட்டுக் கரண்டியின் கைப்பிடி போன்ற அகலமான ஒன்றைக் கிளிப்புக்கு நேர் அடியில் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கிளிப்புக்கு நடுவில் நெம்பினால் ஊறிய அட்டையில் துளை கிழிந்துவிடும்.

இந்தக் கதவில் மிகவும் படுத்துவது கண்ணாடியின் வெளிப்பக்கம் தகட்டு விளிம்பில் நிற்கும் ரப்பர் பட்டை. அதைப் பிடித்திருப்பவை தகட்டுக்குள்ளேயிருந்து மாட்டும் சின்னச் சின்ன ஸ்பிரிங் கிளிப்புகள். விரலுக்கும் கண்ணுக்கும் எட்டாத இடம். இதனால்தான் பலர் ரப்பரைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டிய ரப்பர் வெயிலில் விலகும், மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கும், கதவின் அடி துரு ஏறும். கிளிப்பைப் போடுவது இப்படி. கண்ணாடியை முழுக்க இறக்குங்கள், கழற்றிவிட்டால் இன்னும் நல்லது. பழைய கிளிப்புகள் இருந்த இடங்களைச் சாக்பீஸால் கதவின் மேல் குறித்துக்கொள்ளுங்கள். கதவின் அடியில் ஒரு பழைய துண்டை விரித்துவிடுங்கள், விழும் கிளிப் அதில் நிற்கும். 2 மில்லி சைக்கிள் ஸ்போக் கம்பியின் முனையை 5 மில்லி அளவுக்குக் கொக்கியாக வளையுங்கள். ஒவ்வொரு கிளிப்பிலும் ஒரு முழ நூலைக் கட்டி, நூலின் மறுமுனையைக் கதவுக்கு வெளியே டேப்பால் ஒட்டிவிடுங்கள். புது ரப்பரை விளிம்பில் சரியாக உட்காரவைத்து, கிளிப்பை மேலிருந்து இடைவெளி வழியாக இறக்கி, ஸ்போக் கொக்கியை அதன் அடியில் மாட்டி, நேர் மேலே இழுத்தால் கிளிப்பின் வாய் ரப்பரையும் தகட்டு விளிம்பையும் சேர்த்துக் கவ்வும். நடுவிலிருந்து தொடங்கி இரு முனைக்கும் போக வேண்டும். கவ்விய பிறகு நூலை ஒட்ட நறுக்கிவிடலாம். பொறுமையாகச் செய்தால் ஒரு கதவுக்கு ஒரு மணி நேரம். அட்டையை மூடும் முன் கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, உள்ளே மெழுகுக் கரைசல் அடித்து, அட்டைக்குப் பின்னால் பாலித்தீன் தாளைத் திரும்ப ஒட்டுங்கள். அந்தத் தாளைக் குப்பை என்று நினைத்துத் தூக்கிப்போடுகிறார்கள், அட்டை ஊறுவதே அதனால்தான்.

வெளிக் கைப்பிடியும் பேட்ஜும் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பில் குரோமியம் முலாம் பூசியவை. இரும்பைப் போல வளையாது, உடைந்துவிடும். சுமார் 385 டிகிரியிலேயே உருகிவிடும், ஆகவே இதன் திருகுக்குக் கேஸ் சூடு காட்டக் கூடாது. உள்ளேயிருந்து பிடிக்கும் நட்டுகளைக் கழற்றும்போது வெளியே ஒருவர் கைப்பிடியைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். திரும்பப் போடும்போது கைப்பிடிக்கும் பெயின்டுக்கும் நடுவில் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் கேஸ்கெட் போடுங்கள். அது இல்லாத கைப்பிடிக்கு அடியில் தண்ணீர் தேங்கி வட்டமாகத் துரு கிளம்பும். பேட்ஜை முன்பக்கமிருந்து நெம்பாதீர்கள். பின்னால் அதன் ஊசிகளில் ஸ்பிரிங் நட்டுகள் இருக்கும், நீள மூக்குப் பிளேயரால் அவற்றைத் திருகி எடுத்தால் பேட்ஜ் தானாகவே வரும்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ளவற்றில் வைப்பர் சக்கரப் பெட்டிதான் அதிகம் பாழாக்கப்படுகிறது. லூகாஸ் மோட்டார் ஒரு சுருள் கம்பியை முன்னும் பின்னும் இழுக்கும். அந்தக் கம்பி இரண்டு சிறு பெட்டிகளில் உள்ள பற்சக்கரங்களைத் திருப்பும். வைப்பர் கை தளர்ந்து ஆடினாலோ, ஒன்று ஒரு பக்கமும் மற்றொன்று வேறு பக்கமும் நின்றாலோ, பற்கள் தேய்ந்திருக்கும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். அறுபதுகளின் பிற்பகுதி வரையிலான பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், எந்த முனை உடலுக்குப் போகிறது என்று பார்த்து அதைக் கழற்ற வேண்டும். வைப்பர் கைகளையும், வெளியே உள்ள நட்டு, ரப்பர்களையும் எடுத்த பிறகு உள்ளே போகலாம். ஸ்பீடோமீட்டரைப் பின்னாலிருந்து பிடிக்கும் விரல்திருகு நட்டுகளைக் கழற்றி மீட்டரை வெளியே எடுத்தால், அந்த வட்டத் துளை வழியாகக் கை தாராளமாகப் போகும். இதைச் செய்யாமல் கீழே படுத்துக்கொண்டு மேல் நோக்கித் தடவுவதால்தான் வேலை கஷ்டமாகிறது. பெட்டியின் பின்தகட்டில் இரண்டு சிறு திருகுகள் இருக்கும். அவற்றைத் தளர்த்தினால் கம்பி போகும் குழாயின் விரிந்த முனை விடுபடும், பெட்டி கீழே இறங்கும்.

புதுப் பெட்டி கிடைக்கவில்லை என்றால் கவலை வேண்டாம். வைப்பர் மூன்றில் ஒரு பங்கு சுற்றுதான் திரும்புகிறது, தேய்வதும் அந்தப் பங்கில் உள்ள பற்கள் மட்டுமே. அச்சை 180 டிகிரி திருப்பிப் போட்டால் புதுப் பற்கள் கம்பியைப் பிடிக்கும். மூடும் முன் கம்பியில் கிரீஸ் தடவி, அதன் முனையில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பாருங்கள். 2.7 கிலோவுக்குள் நகர வேண்டும். அதற்கு மேல் கேட்டால் எங்கோ குழாய் நசுங்கியிருக்கிறது, அல்லது பெட்டி கோணலாக இறுகியிருக்கிறது. அப்படியே விட்டால் மோட்டார் சூடாகி எரியும். வைப்பர் கைகளைப் போடுவதற்கு முன் மோட்டாரை ஒருமுறை ஓடவிட்டு, தானாக நிற்கும் இடத்தில் நின்ற பிறகுதான் கையைப் பொருத்த வேண்டும்.

முன் கண்ணாடி ரப்பர் எளிது. ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தால் இளகும். உட்பக்கப் பள்ளத்தில் 3 மில்லி நைலான் கயிற்றைச் சுற்றி, இரு முனையும் கீழ் நடுவில் ஒரு சாண் தொங்கும்படி விடுங்கள். சோப்புத் தண்ணீர் மட்டும் போதும், மண்ணெண்ணெய் ரப்பரை ஊதவைத்துவிடும். வெளியே ஒருவர் உள்ளங்கையால் தட்டித்தட்டி அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை இழுத்துக்கொண்டே வந்தால் ரப்பரின் உதடு தகட்டின் மேல் ஏறிக்கொள்ளும். ஒரே இடத்தில் முட்டி வைத்து அழுத்தினால் லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விடும்.

உடலைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்டுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஹெரால்டில் அந்தப் போல்டுகளுக்கு நடுவில் உள்ள பேடுகளும், இடைவெளியை நிரப்பும் மெல்லிய ஷிம் தகடுகளும்தான் கதவு இடைவெளியைத் தீர்மானிக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றித் தட்டில் கொட்டிவிட்டால், பிறகு எந்தக் கதவும் சரியாக மூடாது. ஒரு நேரத்தில் ஒரு போல்டு. அங்கே எத்தனை ஷிம் இருந்தது என்று எழுதி, அந்த இடத்திலேயே கம்பியில் கோத்துக் கட்டிவையுங்கள்.

துருப்பிடிக்காது என்று எல்லா இடத்திலும் ஸ்டெயின்லெஸ் போல்டு போடுகிறார்கள். ஸ்டெயின்லெஸ் நட்டில் ஸ்டெயின்லெஸ் போல்டு இறுகும்போது இரண்டும் ஒட்டிப்பிடித்துக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அலுமினிய பீடிங்கில் போட்டால் திருகைச் சுற்றி அலுமினியம் அரித்துப் பொடியாகும். கடலோரத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கீலுக்கும் பம்பருக்கும், மெட்ரிக்கில் 8.8 தரத்துக்கு நிகரான, கிரேடு 5 யு.என்.எஃப். இரும்புப் போல்டே போடுங்கள். மரையில் காப்பர் கிரீஸ் தடவினால் அடுத்து வருபவர் சுலபமாகக் கழற்றுவார்.

வெல்டிங் தவிர்க்க முடியாத இடத்தில் கார்ப்பெட், சீட், அட்டை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, தகட்டின் மறுபக்கத்தில் ஈரத்துணியோடு ஒரு ஆளை நிறுத்துங்கள். வேலை முடிந்து அரைமணி நேரம் வண்டியை விட்டுப் போகாதீர்கள். பழைய கார்களின் தரையில் ஒட்டியிருக்கும் தார்ப்பூச்சும் நார்த்தாளும் உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்து தாமதமாகத்தான் பற்றும்.

கடைசியில், அட்டைகளை மாட்டும் முன் தண்ணீர்ச் சோதனை. உள்ளே ஒருவர் டார்ச் விளக்கோடு உட்கார, வெளியே ஒருவர் ஹோஸ் பைப்பில் தண்ணீர் விடட்டும். கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் கதவின் அடி, பிறகு கைப்பிடி, பிறகு கண்ணாடியின் கீழ் ரப்பர், கடைசியாக முன் கண்ணாடியின் மேல் மூலை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் வழியும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது ஒழுகுகிறது என்று தெரியாது. ஒழுகும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அன்றே சரி செய்து, ஒரு இரவு அட்டையில்லாமல் விட்டு, காலையில் உள்தகட்டைக் கையால் தடவிப் பாருங்கள். காய்ந்திருந்தால் அட்டையை மாட்டலாம்.

இப்படிக்கு,
பழைய கார் உடல் வேலையில் உள்ள வாசகர்கள் சிலர்,
சென்னை.